தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் பிள்ளைகள் கோர்ட்டுக்குத் துணையாப் போறவங்க வாங்க, மறக்க முடியாத ஒண்ணு சொல்லுங்க

வெருலம்_வாசி:
நான் துணையாப் போற பையனுக்கு ஒன்பது வயசு. அவனை வேற வீட்டுல வளர்க்கச் சொன்ன கோர்ட் உத்தரவு, அதான் ஃபாஸ்டர் ஆர்டர், ரெண்டு வருசம் முடியுது, நீட்டிக்கணும். அறிக்கை, கையெழுத்து, வழக்கமான கதைதான். புதுச் சட்டை போட்டு அனுப்பியிருந்தாங்க. விலைச்சீட்டைப் பிச்சிட்டாங்க, பிளாஸ்டிக் நூல் மட்டும் காலர்ல நீட்டிக்கிட்டு நின்னுச்சு. பெரியவங்க பேசி முடிக்கிறவரைக்கும் அவன் அதையே திருகிக்கிட்டிருந்தான். மாஜிஸ்ட்ரேட் அம்மா தங்கமானவங்க, "நீ ஏதாவது சொல்லணுமாப்பா?"ன்னு கேட்டாங்க. அவன் மேசைமேல இருந்த ஃபைலைக் காட்டி, "என் தம்பியும் இதுக்குள்ள இருக்கானா?"ன்னான். தம்பி வேற வீடு, வேற ஃபைல். யாரும் வாயைத் திறக்கல. ஆர்டர் கிடைச்சிருச்சு, எல்லாரும் கிளம்பிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது.

ஃபீனிக்ஸ்_அண்ணன்:
யாரும் திறக்கலன்னா நீங்க திறந்திருக்கலாமே? 2005-ஆம் வருசத்துப் பிள்ளைகள் சட்டம், 10-ஆம் பிரிவைப் பாருங்க. விவரம் தெரிஞ்ச பிள்ளை தன் விசயத்துல பேசலாம், அதுக்கு மதிப்புக் குடுக்கணும்னு இருக்கு. அமெரிக்காவுல 1977-லயே சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப், பிள்ளைக்காகப் பேச வாலண்டியர் வைக்கிற முறையை ஆரம்பிச்சுட்டார். அங்கே வாலண்டியரைக் கோர்ட்டே நியமிக்குது, அவர் விசாரிச்சு நீதிபதிகிட்ட நேரா அறிக்கை குடுக்கிறார். நாம மட்டும் பொம்மை மாதிரி உட்கார்ந்துட்டு வர்றோம்.

மெர்பேங்க்_பெரிம்மா:
அமெரிக்கா கதை எதுக்கு தம்பி? இங்கே அந்த நியமனமே கிடையாது. பிள்ளைக்கு வக்கீல் வேணும்னு கோர்ட் நினைச்சா லீகல் எய்டுக்கு அனுப்பும். நாம அனுமதி வாங்கி உள்ளே போறவங்க, வெளியே போன்னா போகணும். வெருலம், நீங்க செஞ்சதுதான் சரி.

என் கதை சாட்ஸ்வொர்த்துல. ஒரு ஆயாவோட மக செத்துட்டா, பேத்தியை அந்த ஆயாதான் வளர்க்கிறாங்க. கோயில்ல கூழ் ஊத்துற அன்னைக்கு, வரிசையில நின்ன ஒருத்தி எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "ஃபாஸ்டர் பணம் வருதில்ல, பின்ன வளர்க்க மாட்டாளா"ன்னா. வளர்க்கிறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அந்தப் பணம் 2025 ஏப்ரல்ல மாசம் 1,250 ராண்ட் ஆச்சு. சாதாரணப் பிள்ளை உதவித்தொகை அப்ப 560. வித்தியாசம் பெருசுதான், அதுக்காக? அடுத்த தடவை கோர்ட்டுக்குப் போனப்ப ஆயா பையைத் திறந்தாங்க. ஸ்கூல் ஷூ, யூனிஃபார்ம், மருந்து, எல்லா ரசீதும் ரப்பர் பேண்ட் போட்டு மாசவாரியா இருந்துச்சு. "இதை யாருகிட்டம்மா குடுக்கணும்?"னு என்னைக் கேட்டாங்க. அங்கே யாரும் ரசீது கேக்கவே இல்ல.

டோங்காட்_டீச்சர்:
நான் போனது ஒரு பொண்ணுக்காக. வாசல்ல, "நாளைக்கும் நீங்கதானே வருவீங்க?"ன்னா. வர முடியல, வேற ஆள் போனாங்க. அவ்வளவுதான்.

புதுசா வர்றவங்களுக்குச் சில விசயம் சொல்லிடறேன். முதல்ல ஃபார்ம் 30. பிள்ளைகளோட வேலை செய்யத் தகுதியில்லாதவங்க பட்டியல்ல உங்க பேர் இல்லன்னு அரசாங்கத்தோட சோசியல் டெவலப்மெண்ட் இலாகா எழுதிக் குடுக்கணும். அது வர நாளாகும், அதனால இன்னைக்கே போட்டுடுங்க. பிள்ளையைத் தனியா கார்ல ஏத்தாதீங்க, இன்னொரு பெரியவங்க கூட இருக்கட்டும். செல்ஃபி எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல போடறவங்களைப் பார்த்திருக்கேன். பிள்ளையை அடையாளம் காட்டற எதையும் கோர்ட் அனுமதி இல்லாம வெளியிடறது குற்றம். பரிசு, சாக்லேட் எல்லாம் வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டுக் குடுங்க. "உன்னை அம்மாகிட்ட சேர்த்துடுவேன்"னு மட்டும் வாயில வரக்கூடாது. ஆர்டர் முடியிற தேதியைக் காலண்டர்ல எழுதி வைங்க, மூணு மாசம் முன்னாடியே சோசியல் வொர்க்கருக்கு ஞாபகப்படுத்துங்க. அவங்க தலைமேல எத்தனை ஃபைலோ! ஆர்டர்கள் கொத்துக் கொத்தாக் காலாவதியாகி, 2011-ல பிரிட்டோரியா ஹைகோர்ட் தலையிட்டு அதுங்களுக்கு மறுபடி உயிர் குடுக்க வேண்டியதாப் போச்சு.

ஃபீனிக்ஸ்_அண்ணன்:
யாரு கேட்டா டீச்சர் இதெல்லாம்? நான் அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்? பையன் கேட்டதுக்குப் பதில் வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.

வெருலம்_வாசி:
வந்துச்சு அண்ணே. கோர்ட்டுல இல்ல, அப்புறம் சோசியல் வொர்க்கர்கிட்ட கேட்டேன். தம்பி இருக்கிற வீட்டுல சம்மதிச்சுட்டாங்க, மாசத்துல ஒரு சனிக்கிழமை பார்த்துக்கலாம். அழைச்சுட்டுப் போகத்தான் கார் இல்ல. டீச்சர், ஃபார்ம் 30 வந்தவங்க டோங்காட் பக்கம் யாராவது இருந்தா எனக்கு இன்பாக்ஸ் பண்ணச் சொல்லுங்க. பெட்ரோல் நான் போடறேன்.