மூச்சடக்கி ஆழம் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எகிப்தில் தஹாப் என்ற ஊர், அங்கே ப்ளூ ஹோல். கரையை விட்டுக் கொஞ்சம் நீந்தினாலே காலுக்குக் கீழே கிணறு மாதிரி கடல் இறங்கிவிடும். ஃப்ரீடைவிங், அதாவது காற்றுக்குடுவை இல்லாமல் ஒரே மூச்சில் மூழ்குவது, கற்கப் போய் எட்டாவது நாள். முந்தின நாள் 27 மீட்டர் தொட்டிருந்தேன். அன்று 30 தொட்டே தீர வேண்டும் என்று இருந்தது.

இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. ஓர் ஆழத்துக்கு மேல் உடம்பு மிதப்பை இழந்து தானாகவே விழ ஆரம்பிக்கும், காலில் மாட்டிய துடுப்பை அசைக்கவே வேண்டாம். அந்த நிசப்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். கயிற்றின் அடியில் இருந்த தட்டைத் தொட்டுத் திரும்பினேன். ஏறினேன். அப்புறம் என்னோடு மூழ்கும் ஜோடியின் முகம். என் தாடையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, கன்னத்தைத் தட்டி, "மூச்சை இழு, மூச்சை இழு" என்கிறார். நான் நன்றாக ஏறி வந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி ஐந்து மீட்டரில் என்னைத் தூக்கி வந்ததே அவர்தான்.

கீழே அழுத்தம் அதிகம் இருக்கும்வரை நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் அழுத்தம் பாதியாகிவிடும், ஆக்சிஜனும் கைவிட்டுவிடும். அதனால்தான் போட்டிகளில் பாதுகாப்புக்கென்று இருக்கும் சேஃப்டி டைவர்கள் ஏறி வரும் வழியில் எதிர்கொண்டு கூடவே ஏறி வருகிறார்கள். நூறு மீட்டர் போய் வந்தாலும், மேலே வந்த 15 நொடிக்குள் முகக்கண்ணாடியைக் கழற்றி, கையால் ஓகே காட்டி, வாயாலும் ஓகே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் சிவப்பு அட்டை, அந்த முயற்சி செல்லாது.

எனக்கு மயக்கம் வந்த அதே ப்ளூ ஹோலில்தான் 2017 ஜூலையில் ஸ்டீபன் கீனன் இறந்தார். அயர்லாந்துக்காரர், பெரிய போட்டிகளில் சேஃப்டி டைவராக இருந்தவர். அங்கே 50 மீட்டருக்கும் கீழே ஒரு பாறை வளைவு உண்டு. இத்தாலியின் அலெஸ்ஸியா ஸெக்கினி ஒரே மூச்சில் அதைக் கடந்து வர, மறுபக்கம் ஏறும் கயிற்றருகே கீனன் சந்திப்பதாக ஏற்பாடு. கயிறு ஸெக்கினி கண்ணில் படவில்லை. கீனன் அவரைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவந்து சேர்த்தார். ஸெக்கினி பிழைத்தார், கீனன் பிழைக்கவில்லை. ஸெக்கினி 2023-ல் 123 மீட்டர் இறங்கினார். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கீனன் ஞாபகம்தான் வருகிறது. சாதனைப் பட்டியலில் காத்திருந்தவர் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

*

படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை அண்ணா. நான் தூத்துக்குடி. எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பைப் பற்றி அவர் சொன்னது இது: ஒரு கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள், இடுப்பில் இன்னொரு கயிறு. அதைப் படகில் இருப்பவர் பிடித்திருப்பார். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் இல்லையா?

தாத்தா எத்தனை பாகம் ஆழம் இறங்கினார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. யார் கயிறு பிடித்தார்கள் என்று மட்டும் பெயர் பெயராகச் சொல்வார்.

*

தம்பி, நன்றி. என் குறிப்பேட்டில் இன்னும் 27 தான் இருக்கிறது, அந்த 30-ஐ நான் எழுதவில்லை. என் ஜோடிக்கு இன்று ராத்திரி மச்சான் கதையைச் சொல்லி, அந்தச் சொல்லையும் கற்றுக்கொடுக்கப் போகிறேன்.