மாடி ரூமுக்கு ஈபி கிடையாது, சோலார் மட்டும்தான்: ராயபுரத்துல மூணு வருஷம்

ராயபுரம் மாடிவீடு:

"ஏம்பா, உனக்கு கரண்ட் பில்லே வராதாமே"ன்னு தெருவுல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது. அதான் ஒரேயடியா இங்க எழுதிடறேன். பில்லு வரலை, உண்மைதான். அது வராம இருக்கறதுக்கு நான் போட்ட காசுக்கு அம்மாகிட்ட இன்னும் திட்டு வாங்கறதும் உண்மைதான்.

எங்களது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. கீழ பெரியப்பா குடும்பம். மேல மொட்டை மாடியில ஷீட் போட்ட ஒத்தை ரூம்ல நானும் அம்மாவும். பாகம் பிரியாத சொத்து. தனி மீட்டர் வேணும்னா அஞ்சு பங்காளியும் கையெழுத்துப் போடணும். அஞ்சு பேரும் ஒரு கல்யாண போட்டோவுலகூட ஒண்ணா நிக்க மாட்டாங்க. கீழேர்ந்து ஒயர் இழுத்துப் பார்த்தோம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுத்த அன்னிக்கு சாயங்காலம் பஞ்சாயத்து. சூரியன்கிட்ட கையெழுத்து வாங்க வேண்டாம் பாருங்க, அப்படித்தான் இறங்கினேன்.

கடையில சொன்னது: ரெண்டு 335 வாட் பேனல், 150 ஏ.ஹெச். கொள்ளளவுல டியூபுலர் பேட்டரி ஒண்ணு, சின்ன இன்வெர்ட்டர், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜைப் பார்த்துக்கற ஒரு சார்ஜ் கண்ட்ரோலர். "670 வாட் சார், ஃபேன், லைட், லேப்டாப் எல்லாம் தாராளமா ஓடும்." நானும் 670ஐ மனசுல வச்சுக்கிட்டே ஆட்டோவுல ஏத்திட்டு வந்துட்டேன்.

மாட்டறதுலயே முதல் தலைவலி. மெட்ராஸ் டெரஸ்னா தேக்கு உத்தரத்துக்கு மேல செங்கல்லைக் குத்துக்கல்லா அடுக்கி சுண்ணாம்புக் கலவை போட்டது. அதுல டிரில் போட்டு போல்ட் அடிச்சா அடுத்த மழைக்கே கீழ பெரியப்பா தலையில சொட்டும். அப்புறம் ஆறாவது பங்காளியா மழையும் கேஸ் போடும். அதனால ஸ்டாண்டோட நாலு காலுக்கும் கான்கிரீட் கட்டை வார்த்து, உத்தரத்து நடுவுல பாரம் விழாம, கீழ சுவர் வர்ற கோட்டு மேல வச்சோம். தெற்கு பார்த்து, ஏறக்குறைய 13 டிகிரி சாய்வு, அது நம்ம ஊரோட அட்சரேகைதான். "கொஞ்சம் நிமித்தி வச்சா மழைத்தண்ணி நல்லா ஓடுமே"ன்னு வெல்டர் சொன்னார். 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல எதிர்வீட்டு ஷீட் காத்தாடி மாதிரி பறந்ததைப் பார்த்தவன் நான். படுத்த மாதிரியே இருக்கட்டும்னுட்டேன்.

மூணாவது நாள் ராத்திரி மூணு மணிக்கு இன்வெர்ட்டர் பீப் பீப்னு கத்துச்சு. நாலாவது நாளும். ஒரு வாரம் கழிச்சு பீப் ஒரு மணிக்கே வந்துடுச்சு. அம்மா எழுந்து விசிறியை எடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்துட்டாங்க. அது திட்டைவிட மோசம்.

கடைக்குப் போன் பண்ணினா "பேட்டரி பத்தலை சார், இன்னொண்ணு போடுங்க"ன்னாங்க. நல்ல வேளை, காசிமேட்டுல மீன்பிடி போட்டுக்கு ஒயரிங் பண்ற ஒரு அண்ணன் தெரியும். அவர் வந்து ஒண்ணும் கேக்கலை. ஒயரை வெட்டாமலே ஆம்பியர் காட்டற கிளாம்ப் மீட்டரை டிசியில (பேனல், பேட்டரி கரண்ட் அதுதான்) வச்சு, பேட்டரிக்குப் போற ஒயரைச் சுத்திக் கவ்வ வச்சார். உச்சி வெயில், 12:15. மீட்டர்ல 17.4 ஆம்பியர்.

"பேட்டரி வோல்ட் எவ்ளோ தம்பி?"

"13 அண்ணே."

"பெருக்கு."

226 வாட். 670 எங்க, 226 எங்க?

விஷயம் அந்த சார்ஜ் கண்ட்ரோலர். பி.டபிள்யூ.எம். வகை. அது பேனலையும் பேட்டரியையும் நேரா கோத்துவிடற ஒரு சுவிட்ச் மாதிரிதான். என் பேனல் நல்லா வேலை செய்யறது 38 வோல்ட்ல, 8.8 ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியோட நேரா சேர்த்தா வோல்ட் 13க்கு இறங்கிடும், ஆம்பியர் மட்டும் அதே 8.8. ரெண்டு பேனலுக்கும் சேர்த்து பதினேழு சொச்சம். மீதி 25 வோல்ட்டுக்கு நான் குடுத்த காசு மாடியில சூடா ஆவியாகுது. எம்.பி.பி.டி. கண்ட்ரோலர்னா அந்த அதிக வோல்ட்டை ஆம்பியரா மாத்திக் குடுக்கும். அதைப் போட்டு, ரெண்டு பேனலையும் வோல்ட் கூடற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணா சீரிஸ்ல கோத்த அன்னிக்கு மத்தியானம் அதே ஒயர்ல 36 ஆம்பியர். மீட்டரை அம்மாகிட்ட காட்டினேன். "சரி, ஃபேன் ஓடுமா?"ன்னாங்க.

ஆனா 36 ஆம்பியரை ஒரே 150 ஏ.ஹெச். டியூபுலருக்குள்ள திணிக்கக்கூடாது, ஏ.ஹெச்.ல பத்துல ஒரு பங்கு அளவு ஆம்பியர்ல சார்ஜ் ஏறினாத்தான் அது நாள்பட உழைக்கும். அதனால கடைசியில ரெண்டாவது பேட்டரியும் வாங்கத்தான் வேண்டியிருந்தது. கடைக்காரர் சொன்னது சரி, சொன்ன காரணம் தப்பு. பழைய கண்ட்ரோலரைத் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க. இப்ப அது அரிசி டப்பா மூடி மேல வெயிட்டா இருக்கு.

அதுக்கப்புறம் எனக்கு மீட்டர் பைத்தியம் பிடிச்சுது. எதையும் போடாம இன்வெர்ட்டரை மட்டும் ஆன்ல வச்சா எவ்ளோ இழுக்குதுன்னு பார்த்தேன்: 16 வாட். சின்னதாத்தான் தெரியும். 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டா 0.38 யூனிட். பழைய 75 வாட் ஃபேனை எடுத்துட்டு கரண்ட் கம்மியா இழுக்கற 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டேன், அது 12 மணி நேரம் ஓடினா 0.36 யூனிட். அதாவது சும்மா இருக்கற இன்வெர்ட்டர் என் ஃபேனைவிட அதிகமா சாப்பிடுது. அப்புறம் லைட்டையும் ரவுட்டரையும் 12 வோல்ட் டிசியில நேரா பேட்டரி பக்கம் மாத்திட்டேன். அம்மா தூங்கறப்ப ஃபேனுக்கு மட்டும் இன்வெர்ட்டர்.

நிழல் கதை ஒண்ணு. ஒரு நாள் பதினோரு மணிக்கு ஆம்பியர் திடீர்னு பாதியாப் போச்சு. ஒயர் லூஸா, ஃப்யூஸான்னு கழட்டி மாட்டி வேர்த்துக் கொட்டுது. வெளியில வந்து பார்த்தா கொடியில அம்மாவோட புடவை. நிழல் பேனலோட கீழ்விளிம்புல ஒரு சாண்தான் விழுது. ஒரு சாண் நிழலுக்கு ஒரு பேனலே போயிடுமான்னு நம்பலை, புடவையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தூக்கினா 34 ஆம்பியர், விட்டா 17. பேனலுக்குள்ள மூணு வரிசையா சின்னச் சின்ன சோலார் செல் கோத்திருக்காங்க, மூணும் அந்தக் கீழ்விளிம்பைத் தொட்டுட்டுத்தான் மேல ஏறுது. ஒரு வரிசைக்கு ஒரு செல் மறைஞ்சாலும் அந்த வரிசை முழுக்க அவுட். இப்ப கொடி வடக்குப் பக்கம்.

நல்ல மாசம், கெட்ட மாசம் உண்டு. தை மாசத்துல மத்தியானம் 37 ஆம்பியர் வரைக்கும் பார்த்திருக்கேன். கத்திரி வெயில்ல எல்லாரும் எகிறும்னு நினைப்பாங்க, 32தான். சூட்டுல பேனல் சோர்ந்துடும், பின்பக்கம் கை வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில மூட்டம் போட்டா 4, 5. அந்த நாள்ல லேப்டாப்பைக் கீழ பெரியப்பா வீட்டுல சார்ஜுக்குப் போடுவேன், கூடவே அம்மா ஒரு தூக்கு ரசம் குடுத்து அனுப்புவாங்க. பஞ்சாயத்து இல்லை.

மொத்தம் எனக்கு 80 ஆயிரத்துக்குக் கிட்ட ஆச்சு. இப்ப தலையில அடிச்சுக்கற கணக்கைச் சொல்றேன். எங்க ரூமுக்கு ஒரு நாளைக்கு 1.2 யூனிட் ஆகுது, ரெண்டு மாசத்துக்கு 75 யூனிட்டுக்குள்ள. நான் சோலார் போட்டப்பவே ஈபில ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மீட்டர் இருந்திருந்தா எனக்கு அப்பவும் பில்லு பூஜ்ஜியம்தான். அதனால ஈபி கனெக்ஷன் இருக்கறவங்க "நானும் முழுசா சோலாருக்கு மாறிடறேன்"னு வந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன். என்னை மாதிரி பங்காளி இருந்தா வாங்க.

காசிமேடு ஒயரிங்:

அந்த மீட்டர் வச்ச ஆளு நான்தான். தம்பி ஒண்ணை எழுத மறந்துட்டாரு. அவர் வீட்டுல பேனல் லைனுக்கு போட்டிருந்தது, கோளாறுன்னா தானா விழற பிரேக்கர் சுவிட்ச் இருக்கே, அதுல சாதா ஏசி எம்.சி.பி. அதைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் மீதி வேலை பார்த்தேன். ஏசி கரண்ட் ஒரு செகண்டுக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுட்டு வரும், சுவிட்சைத் திறந்தா பொறி அந்த எடத்துல அணைஞ்சுரும். டிசிக்கு அந்தப் பேச்சே இல்லை, திறந்தாலும் பொறி இழுத்துக்கிட்டே நிக்கும். பேனலை சீரிஸ்ல போட்டா 76 வோல்ட், வெல்டிங் ராடு கணக்கா எரியும். திருவொற்றியூர்ல ஒரு வீட்டுல எம்.சி.பி. பொட்டி உருகி சுவரு கருத்ததைப் பார்த்துட்டு வந்தவன் சொல்றேன். டிசின்னு எழுதினதை வாங்குங்க. பேனல் கனெக்டரை வெயில்ல லோடோட புடுங்காதீங்க, மொதல்ல பிரேக்கரை எறக்குங்க. இருபது வருசமா போட்டுல பேட்டரியோட மல்லு கட்றோம், வீட்டுக்காரங்கதான் டிசின்னா ஷாக் அடிக்காதுன்னு பயமில்லாம கை வைக்கறாங்க.

எண்ணூர் கத்திவாக்கம்:

ராயபுரத்துக்காரர் கொடுத்து வச்சவர், புடவை நிழலோட போச்சு. எங்களுக்கு வானத்துலேர்ந்தே விழுது. அனல் மின் நிலையத்துச் சாம்பல், ரோட்டுல போற லாரிப் புழுதி, கடல் உப்பு, மூணும் விடியக்காலைப் பனியில குழைஞ்சு பேனல் மேல பூசின மாதிரி ஆயிடும். வெயில் ஏறினா காஞ்சு சிமெண்ட் கணக்கா ஒட்டிக்கும். முதல் வருஷம் காஞ்சதை ஸ்க்ரப்பர் போட்டுத் தேச்சு கண்ணாடியில கீறலே போட்டுட்டேன், அது இன்னும் அப்படியே இருக்கு. இப்ப ஆறு மணிக்கே, பேனல் சில்லுனு இருக்கறப்பவே, தண்ணியை ஊத்தி பத்து நிமிஷம் ஊற விட்டு, பழைய பனியனால ஒத்தி எடுக்கறேன். போர் தண்ணி வேண்டாம், உப்புத் திட்டு விழும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். கழுவறதுக்கு முந்தின நாள் மத்தியானம் 12 ஆம்பியர், கழுவின அன்னிக்கு 15. வாரம் ஒரு தடவை கட்டாயம்.

போல்ட் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஸ்டாண்டுக்கு சாதா இரும்பு போல்ட் போட்டு ஒண்ணரை வருஷத்துல தலை பொரிஞ்சு கையோட வந்துருச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்பேனர் வச்சு முறுக்கிப் பார்த்துடறேன்.

பெரம்பூர் மூணாவது மாடி:

நான் வேற மாதிரி மாட்டிக்கிட்டேன். எனக்கு ஈபி இருக்கு, அதனால மத்திய அரசோட பி.எம். சூர்யா கர் சோலார் மானியத் திட்டத்துல 3 கிலோவாட் ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாம ஈபி லைனோடயே சேர்ந்து ஓடறது, போட்டேன். 78 ஆயிரம் மானியம் வந்தது, பில்லும் நல்லாவே குறைஞ்சிருக்கு. முதல் தடவை பகல்ல கரண்ட் கட் ஆனப்போ "நமக்கென்ன, சோலார் இருக்கே"ன்னு காலை நீட்டி உக்காந்தேன். ஃபேன் நின்னுபோச்சு. மாடியில வெயில் கொளுத்துது, ரூம்ல வேர்வை கொட்டுது. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் இல்லைன்னா தானும் நின்னுடணும், இல்லாட்டி கம்பத்துல வேலை செய்யற லைன்மேனுக்கு நம்ம வீட்டுக் கரண்ட் பாயும். நியாயம்தான். விக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஈபி கனெக்ஷன் இல்லாம பேட்டரியோட மட்டும் ஓடற சோலாருக்கு இந்த மானியம் கிடைக்காதுங்கறதையும் இங்க சொல்லி வச்சிடறேன், ராயபுரம் தம்பி ஆசைப்பட வேண்டாம்.

வியாசர்பாடி டியூஷன் அக்கா:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர். பேட்டரியைக் கட்டிலுக்கடியில வச்சிருந்தோம். நாலாந்தேதி காலையில தண்ணி முட்டிக்கு வந்தாச்சு, பேட்டரி உள்ள முங்கியாச்சு. எங்க வீட்டுக்காரர் தூக்கப் போனார், நான்தான் தொடாதீங்கன்னு இழுத்தேன். பேனல் மேல பத்திரமா இருந்து என்ன பிரயோஜனம். மழை கொட்டின ரெண்டு நாளும் வெளிச்சமே கிடையாது.

அஞ்சாந்தேதி வானம் தெளிஞ்சுது, கரண்ட் வரலை. பக்கத்து வீட்டு அண்ணாவோட ஆட்டோ பேட்டரியை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் பேனலோட சேர்த்தோம். கண்ட்ரோலர்லயே யு.எஸ்.பி. ரெண்டு இருக்கும் இல்லையா, அதுல போன் சார்ஜ். பத்து மணிக்குள்ள படிக்கட்டு முழுக்க ஆளு. ஒருத்தருக்கு இருபது நிமிஷம்னு நோட்டுல பேர் எழுதி வச்சேன், டியூஷன் பசங்கதான் மேனேஜர். வெளியூர்ல இருக்கற பிள்ளைகிட்ட பேசிட்டு அங்கயே அழுத பாட்டி ஒருத்தர் இப்பவும் என்னைப் பார்த்தா "கரண்ட் டீச்சர்"னுதான் கூப்பிடறாங்க.

இப்ப பேட்டரி இடுப்பு உயரத்துக்கு மேல சிலாப்ல. ஜன்னல் பக்கம்தான் வச்சிருக்கோம், சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும், மூடின ரூம் ஆகாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊத்தணும். எங்க மாமியார் நல்ல மனசோட கேன் தண்ணியை ஊத்தினாங்க. அந்த பேட்டரி போய்ச் சேர்ந்துடுச்சு.

தண்டையார்பேட்டை புதுசு:

ராயபுரம் அண்ணா, உங்க செட்டப்ல ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் ஓடுமா? கல்யாணம் ஆகப்போகுது, எனக்கும் மாடி ரூம்தான்.

ராயபுரம் மாடிவீடு:

வாழ்த்துகள் தம்பி. சின்ன ஃப்ரிட்ஜுக்கே நாளைக்கு முக்கால், ஒரு யூனிட் வேணும். என் மொத்தச் செலவுக்குக் கிட்ட வந்துடுது. கம்ப்ரஸர் கிளம்பற ஒரு நொடியில பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அங்கயே மண்டையைப் போட்டுடும். பெரிய இன்வெர்ட்டர் போட்டா அது சும்மா இருக்கறப்பவே இன்னும் அதிகமா சாப்பிடும். பேனலும் பேட்டரியும் ரெட்டிப்பா வேணும், கார்த்திகை மாசத்துல அதுவும் பத்தாது. நாங்க காசிமேட்டுக்குப் பக்கத்துல இருக்கோம், அன்னன்னிக்கு மீனு, அன்னன்னிக்குக் குழம்பு. உங்க வீட்டு ஆளு என்ன சொல்றாங்கன்னு முதல்ல கேட்டுக்குங்க.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நம்ம மாடிக்கு வாங்க, கிளாம்ப் மீட்டர் தர்றேன், நீங்களே வச்சுப் பாருங்க. பதினோரு மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னாடி அம்மா துணி காயப்போடுவாங்க.