ரைட் டர்ன் பாக்கெட் 40 மீட்டர்: நீட்டினால் சரியாகுமா?

சிவில்_கடைசி_வருடம்:
ப்ராஜெக்டுக்கு எங்கள் ஊர் நாலுமுனைச் சந்திப்பு ஒன்றை எடுத்திருக்கிறேன். வலது திரும்பும் வண்டிகள் ஒதுங்கி நிற்க நேர்ப்பாதைக்குப் பக்கத்தில் 40 மீட்டர் பாக்கெட் லேன் (தனிக் குட்டிப் பாதை). மாலையில் வரிசை தீரவே இல்லை. ஸ்டாப் லைனில் நின்று எண்ணினேன்: மணிக்கு 144 கார். சிக்னலின் ஒரு சுற்று 150 விநாடி, ஆக சுற்றுக்கு 6. பாய்ஸான் கணக்கில் (சராசரியை வைத்து ஒரு சுற்றில் எத்தனை வரலாம் என்று சொல்லும் நிகழ்தகவுக் கணக்கு) 95 சதவீதச் சுற்றுகளுக்கு 10 கார் இடம் போதும், கார் ஒன்றுக்கு 6 மீட்டர் என்றால் 60 மீட்டர். நீட்ட வேண்டுமானால் மீடியனில் நிற்கும் மூன்று மரம் போகும். கணக்கு சரியா?

ரோட்டுக்காரன்:
தம்பி, 40 மீட்டரில் ஆறு கார்தான் நிற்கும். எண்ணியதும் ஆறு. சந்தேகம் வரவில்லையா? ஸ்டாப் லைனில் எண்ணினால் போன வண்டிதான் தெரியும், போக நினைத்த வண்டி தெரியாது. சிக்னலில் வலது திரும்பும் பச்சை அம்பு முதலிலா, நேர்ப்பாதைக்குப் பச்சை முதலிலா?

சிவில்_கடைசி_வருடம்:
அம்பு முதலில், 25 விநாடி. நேற்று நடைமேம்பாலத்திலிருந்து வீடியோ எடுத்தேன் அண்ணா. 14-வது விநாடியில் பாக்கெட் காலி. மீதி 11 விநாடி பச்சை வீண். பின்னால் நேர்ப்பாதையில் ஒரு டவுன் பஸ், அதற்கும் பின்னால் நாலு கார் வலது இண்டிகேட்டர் போட்டபடி நிற்கின்றன. பாக்கெட் வாயையே பஸ் அடைத்திருக்கிறது!

ரோட்டுக்காரன்:
அதுதான். பாக்கெட்டின் வாய் நேர்ப்பாதை வரிசையின் வாலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்த வரிசையை அளக்காமல் 60 போட்டால் மரம் போனதுதான் மிச்சம்.

பீளமேடு_பைக்:
நேர்ப்பாதையை முதலில் விட்டால் வாய் திறந்துவிடாதா?

ரோட்டுக்காரன்:
திறக்கும். ஆனால் ஏழாவது கார் நேர்ப்பாதையில் நின்று பின்னால் வருகிறவர்களை மறிக்கும். நான் முதலில் சுற்றைத்தான் 100 விநாடிக்குக் குறைத்துப் பார்ப்பேன், அம்புக்கு 15 போதும். மணிக்கு 36 சுற்று, ஆறாறு கார், 216. நேர்ப்பாதை வரிசையும் சுருங்கும். மணிக்குச் சுற்றுகள் அதிகமாவதால் மஞ்சளிலும் வண்டிகள் புறப்படுவதிலும் வீணாகும் நேரம் கூடும், அதனால் நேர்ப்பாதை தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிவில்_கடைசி_வருடம்:
சரி அண்ணா. இனி வரிசையின் வாலில், இளநீர்க்கடை பக்கம் நின்று எண்ணுகிறேன். அலுத்துப்போய் நேராகப் போய் அடுத்த இடைவெளியில் யூ-டர்ன் அடிப்பவர்களை என்ன செய்வது?

ரோட்டுக்காரன்:
அவர்களும் வலது திரும்ப வந்தவர்கள்தானே. அங்கே ஒரு நண்பரை நிறுத்துங்கள்.