இரண்டாம் வகுப்பில் பிரெஞ்சு: மொழி தெரியாத வீட்டார் எப்படித் துணை நிற்பது?

காரைக்குடி அம்மா:

வணக்கம். என் மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் தமிழ், ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வாரத்துக்கு இரண்டு பாடவேளை, 40 நிமிடம் வீதம் நடத்துகிறார்கள். வீட்டிலும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் வலியுறுத்தினார்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரவில் காணொளி அழைப்பில்தான் மகளோடு பேசுவார். மாமனாரும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். மாமனார் இளவயதில் பினாங்கில் ஒரு கிட்டங்கியில் கணக்குப் பார்த்தவர். தனக்கு மலாய் கடைத்தெருவில் காதால் கேட்டுத்தான் வந்தது என்றும், எழுத வைத்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்றும் சொல்கிறார். நான் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துத் தினமும் ஒப்பிக்கச் சொல்கிறேன். மகளோ அந்த நோட்டைத் திறக்கவே தயங்குகிறாள். இப்படி ஒரு வீடு என்னதான் செய்ய வேண்டும்?

தொடக்க வகுப்புப் பிரெஞ்சு ஆசிரியை:

அம்மா, நானும் இந்தப் பகுதியில்தான் கற்பிக்கிறேன். உங்கள் மாமனார் சொல்வதை நான் பெரிதும் ஏற்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கேட்பதும், கேட்டதைச் செய்து காட்டுவதும், பாடுவதும்தான் முதலில் வர வேண்டியவை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்த முறையில், ஆசிரியர் 'எழுந்திரு', 'கதவைத் தொடு' என்று புதிய மொழியில் சொல்வார், பிள்ளைகள் உடலால் பதில் சொல்வார்கள், வாய் திறந்து பேசச் சொல்லி யாரும் நெருக்கமாட்டார்கள். இன்றும் தொடக்க வகுப்புகளில் இதைப்போல நன்றாக நடப்பது வேறில்லை.

வீட்டார் இரண்டாவது ஆசிரியராக வேண்டியதில்லை. பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும் மாணவராக இருந்தாலே போதும். ஐயாவும் அப்பத்தாவும் அவளிடம் எண்கள் கேட்கட்டும். பல்லாங்குழியை எடுத்து வைத்து, காய் போடும்போது அவள் பிரெஞ்சில் எண்ணட்டும், அப்பத்தா கூடவே சொல்லட்டும். குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடும் ஆட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை முறை வாயில் வருகிறது என்று பாருங்கள்! குழியில் நான்கு சேர்ந்து பசு விழும் இடத்தில் அந்த எண்ணை உரக்கச் சொன்னவருக்கே பசு என்று வைத்துக்கொண்டால், பிள்ளை எண்ணிக்கையை ஒருபோதும் தவறவிடமாட்டாள். ஒப்பித்தலில் வராத கவனம் இதில் தானாக வரும்.

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். ரொட்டிக்கும் குளியலுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன; நம் எழுத்தில் இரண்டுமே 'பேன்' என்று நின்றுவிடும். மறுபுறம், நம் பிள்ளைகளுக்கு ஓர் இயல்பான வசதியும் உண்டு. பேச்சில் 'மரம்', 'அவன்' என்னும்போது கடைசி மெய் தேய்ந்து, அதற்கு முந்திய உயிர் மூக்கின் வழியே ஒலிக்கிறது அல்லவா, அந்தப் பழக்கம் பிரெஞ்சின் மூக்குயிர்களைப் பிடிப்பதற்குப் பெரிதும் உதவுகிறது. காதால் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள், எழுத்து நடுவில் வந்தால் தடுமாறுவார்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

மேலே சகோதரி சொன்ன முறைகளில் எனக்கு மாறுபாடு இல்லை, காலத்தில்தான் இருக்கிறது. வாரத்துக்கு 80 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 50 மணி நேரம்கூடத் தேறாது. வெளியில் எங்கும் காதில் விழாத ஒரு மொழிக்கு இது மிகக் குறைவு. இளமையில் தொடங்கினால் மொழி தானே ஒட்டிக்கொள்ளும் என்பது, அந்த மொழி தெருவிலும் வீட்டிலும் நாள் முழுவதும் ஒலிக்கும் இடத்துக்குப் பொருந்தும். ஐயாவின் பினாங்குக் கடைத்தெரு அப்படிப்பட்ட இடம், காரைக்குடி வகுப்பறை அப்படியன்று. பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் தலைமையில் நடந்த ஆய்வில், பள்ளியில் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு பாட நேரத்துக்குப் பிறகு ஒப்பிட்டபோது, பிந்தித் தொடங்கியவர்களே முந்தி நின்றார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020கூட அயல்மொழிகளை இடைநிலை வகுப்புகளில்தான் வைத்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: குழந்தை தமிழில் ஒரு பக்கக் கதையைத் தடையில்லாமல் படித்துப் பொருள் சொல்கிறாளா? நம் அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியதே மூன்றாம் வகுப்புக்குள் அந்த அடித்தளம் அமைய வேண்டும் என்பதற்காகத்தான். அது இன்னும் உறுதிப்படவில்லையென்றால் மாலை நேரத்தைத் தமிழுக்கே கொடுங்கள். ஒரு மொழியில் ஊன்றிய படிப்புத்திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்பதை மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே எடுத்துரைத்தார். ஐயா பினாங்குக் கதைகளைத் தமிழில் சொன்னாலும் அது மொழிக் கல்விதான்.

தொடக்க வகுப்புப் பிரெஞ்சு ஆசிரியை:

ஐயா, நேரம் குறைவு என்பதை முழுதும் ஏற்கிறேன். இரண்டாம் வகுப்பிலேயே சரளத்தை எதிர்பார்ப்பது பிள்ளைக்கு நாம் செய்யும் அநீதி. இருந்தாலும் காதும் வாயும் கூச்சமில்லாமல் பழகுவதற்கும், வேறு மனிதர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள் என்பதை அன்போடு ஏற்பதற்கும் இந்த வயது உகந்தது என்பதால், விளையாட்டின் அளவில் இது தொடரலாம் என்றே நினைக்கிறேன்.

பள்ளத்தூர் வாசகி:

என் கணவரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார். அவரோடு பேசும்போது எங்கள் மகன் வகுப்பில் கற்ற வாழ்த்தைச் சொல்லி, அப்பாவைத் திருப்பிச் சொல்ல வைத்துத் திருத்துவான். பிழைகளைத் திருத்தும் உரிமை அவன் கையில் இருப்பதால் அவனுக்கு அந்த மொழியின்மேல் ஒரு பற்று வந்தது. "எங்கே, சொல்லு பார்ப்போம்" என்று விருந்தாளிகள் முன்னால் நிறுத்துவதை மட்டும் நாங்கள் செய்வதில்லை.

காரைக்குடி அம்மா:

அனைவருக்கும் நன்றி. தமிழில் மகள் நன்றாகவே படிக்கிறாள். அந்தக் கவலை இல்லை. பல்லாங்குழி என்றதும் மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் அவள் எண்ணுவது சரியா தவறா என்று எங்களுக்குத் தெரியாதே?

தொடக்க வகுப்புப் பிரெஞ்சு ஆசிரியை:

பள்ளியில் கேட்க வேண்டியது இதைத்தான். அந்தந்த வாரப் பாட்டையும் சொற்களையும் ஆசிரியரே தன் குரலில் பதிவு செய்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். ஆட்டத்துக்கு முன்பு எல்லோரும் ஒருமுறை கேளுங்கள். அவள் தவறாகச் சொன்னாலும் நடுவில் நிறுத்தாமல், ஆட்டம் முடிந்ததும் பதிவை மறுபடி ஒலிக்கவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர் அவரிடமிருந்தே கேட்பது நல்லது.