‘நுரைத்தரம்’ வேண்டாம்

கோவை மடல்:

எண்ணெயைத் தள்ளி எடுக்க எண்ணெய் வயல்களில் கரியமில வாயு செலுத்துவது பற்றிய கட்டுரைக்கான கலைச்சொல் பட்டியலில் ‘ஃபோம் குவாலிட்டி’க்கு ‘நுரைத்தரம்’ என்று இருக்குதுங்க. அது நல்லது கெட்டதைச் சொல்லும் சொல் அல்ல. 100 மில்லி நுரையில் 80 மில்லி வாயு, மீதி சோப்புநீர் என்றால் 80%, அவ்வளவுதான். (சோப்பு என்று சும்மா சொல்கிறேன், பரப்புச் செயலி.) ‘95% தரம்’ என்று படிப்பவர் அதை உசத்தி என்றுதானே எடுத்துக்கொள்வார்?

கரியமில வாயு எண்ணெயைவிட மிக நீர்த்தது. பாறையில் இளகிய அடுக்கைப் பிடித்து ஓடி, எண்ணெயைத் தள்ளாமலே அடுத்த கிணற்றில் எட்டிப் பார்க்கும். அந்த மடையை அடைக்கத்தான் நுரை. ஈரம் குறையக் குறையக் குமிழ்களுக்கு நடுவிலுள்ள ஏடு மெலியும். ஓர் எல்லை தாண்டினால் உடைந்து, மடை திறந்துகொள்ளும். அந்த எல்லை பாறைக்கும் பரப்புச் செயலிக்கும் ஏற்ப மாறும். ‘வாயுப்பங்கு’ என்று வைக்கலாமா?

திருப்பூர் மடல்:

பங்கு சரிங்கண்ணா, வாயுதான் இடிக்குது. 31 டிகிரி செல்சியஸ், 74 பார் இரண்டையும் தாண்டினால் கரியமில வாயு வாயுவே இல்லையே! ஆழத்தில் அடர்ந்த பாய்மமாகத்தான் கிடக்கும். ‘குமிழ்ப்பங்கு’ என்றால் உள்ளே எது இருந்தாலும் பொருந்தும். துணிக்கு நுரையாக மருந்து ஏற்றும்போது நாங்கள் ‘புளோ ரேஷியோ’ என்போம். 1 லிட்டர் கரைசல் 5 லிட்டர் நுரையானால் 5:1, குமிழ்ப்பங்கு 80%. 10:1 என்றால் 90%, 20:1 என்றால் 95%. இரண்டு தொழிலுக்கும் ஒரே சொல் போதும்.

கோவை மடல்:

குமிழ்ப்பங்கே இருக்கட்டும்ங்க. விளக்கத்தில் ‘பாறையிலுள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும் அளந்த பருமன்’ என்று கட்டாயம் சேர்க்கணும். தரைக்கு வந்தால் வாயு நூற்றுக்கணக்கான மடங்கு விரியும். 80% நுரையும் 99-ஐத் தாண்டிக் காட்டும்.

கவுந்தப்பாடி மடல்:

கரும்புப்பாகு பொங்கினால் கொப்பரையில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு அடக்குவோம். அப்புறம் எண்ணெய்ப் பாறையில் நுரை எப்படிங்க நிற்கும்?

கோவை மடல்:

பெரும்பாலும் நிற்காதுங்க, எண்ணெய் மிஞ்சிய இடத்தில் அமுங்கிவிடும். எண்ணெய் வழித்தெடுத்த அடுக்கில்தான் நன்றாக நிற்கும். அடைக்க வேண்டியதும் அதைத்தான். எண்ணெய் பட்டும் தாங்குவதற்கு ‘எண்ணெய்த்தாங்கல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கொப்பரைக்காரர்கள் வேறு சொல் வைத்திருந்தால் சொல்லுங்க.