நூலடுக்கில் வகைப்பெயர் எதற்கு?

வெள்ளவத்தை வாசகன்:
காலி வீதியில் ஒரு புத்தகக் கடையில் சென்ற சனிக்கிழமை கண்டதைச் சொல்கிறேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்து, நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார். பின்பு பின்னட்டையில் "மலையக இலக்கியம்" என்றிருந்ததைக் கண்டு, "இது பாடப் புத்தகம் போல, அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தொகுதியை நான் வாசித்திருக்கிறேன். அதன் முதற்கதை ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பிணக்கு. கதை இழுத்த பிள்ளையை இரண்டு சொற்கள் திருப்பி அனுப்பிவிட்டன. வாசகருக்கு வகைப்பெயர் வேண்டியதில்லை என்பதே என் துணிபு.

நூலகப் பணியாளர்:
உங்கள் ஆதங்கம் புரிகிறது ஐயா, முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. எங்களிடம் வருபவர்களிற் பலர் நூலின் பெயரைச் சொல்வதில்லை, "துப்பறியும் கதை இருக்கிறதா?" என்றே கேட்கிறார்கள். முன்னோரும் இவ்வாறே வகுத்தனர். சங்க நூலான ஐங்குறுநூற்றின் 500 பாடல்களும், நிலமும் காதல் நிலையும் சார்ந்த திணை என்னும் ஐந்து பிரிவுகளில், திணைக்கு நூறாக அமைந்தவை. முல்லை என்றதுமே காத்திருத்தலை எதிர்பார்த்து வாசகர் உள்ளே நுழைகிறார். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடி. பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பது பாட்டுக்குள் பல இடங்களில் வெளிப்படையாக இராது. பாட்டோடு தரப்படும் "தலைவி தோழிக்குக் கூறியது" என்பது போன்ற குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள், எத்தனை பாடல்களில் தடுமாறுவீர்கள் என்பது தெரியும்.

வெள்ளவத்தை வாசகன்:
அக்குறிப்புகள் பாடிய புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னர் சேர்க்கப்பட்டவை என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஒரு சூழலைக் கூறிவிட்டு, "கூறியதூஉமாம்", அதாவது இப்படிக் கூறியதாகவும் கொள்ளலாம், என்று மற்றொன்றையும் சேர்த்த இடங்களும் உண்டு. வகுத்தவர்களுக்கே உறுதி இருக்கவில்லை. வேதநாயகம் பிள்ளை 1879 இல் வெளியிட்ட முதல் தமிழ் நாவலின் தலைப்பில் "சரித்திரம்" என்றே இருந்தது. நம் நாட்டில் சித்திலெப்பை 1885 இல் தந்த நாவலைச் சரித்திரம் என்பாரும் உண்டு, கதை என்பாரும் உண்டு. "நாவல்" என்ற பெயர் பழகும்வரை வாசகர் காத்திருக்கவில்லை.

நூலகப் பணியாளர்:
சரித்திரம் என்பதும் வகைப்பெயர்தானே?

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
இரண்டு வேறு பெயர்களை நீங்கள் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்கள். "துப்பறியும் கதை" என்பது கதை எவ்வாறு நடக்கும் என்பதைச் சொல்கிறது. "மலையக இலக்கியம்" என்பது யாருடைய வாழ்வு எழுதப்படுகிறது என்பதைச் சொல்கிறது. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் வாழ்வை எழுதியவர்கள், தம் எழுத்து தனித்து அறியப்படவேண்டும் என்று வலியுறுத்தி நிலைநாட்டிய பெயர் அது. நான் ஹற்றனில் பிறந்தவள். கொழும்புக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில், ஒரு நூலகத்தில் அச்சொற்களைக் கண்டு அடுக்கின் முன் நெடுநேரம் நின்றேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாழ்க்கை புத்தகமாகியிருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தை வாசகன்:
இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை, அம்மா. ஆயினும் புத்தகத்தைத் திருப்பி வைத்த அந்தப் பிள்ளைக்கு என்ன வழி?

நூலகப் பணியாளர்:
இரண்டு பிரதிகள் இருந்தால் சிறுகதை அடுக்கில் ஒன்றும் மலையக அடுக்கில் ஒன்றுமாக வைக்கலாம். எங்களிடம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:
ஒன்றே இருந்தால் சிறுகதைகளோடு வையுங்கள். அட்டையிலுள்ள அவ்விரு சொற்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.