மறு: "குறைமதிப்பு அட்டை" சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்பவர்களுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச்சொல் பட்டியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பெரிய பேஸ்பால் வீரரின் அட்டை, ஆனால் சந்தையில் உரிய விலை கிடைக்கவில்லை. இதற்குக் "குறைமதிப்பு அட்டை" போதுமே, புரிகிறதே.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. ஸ்டான் மியூசியல் என்ற வீரருக்குப் போமன் நிறுவனம் 1948இல் வெளியிட்ட அட்டையை எடுத்துக்கொள்வோம். 36ஆம் எண், கறுப்பு வெள்ளைப் படம், இப்போதைய அட்டைகளைவிடச் சிறியது. ஆளோ 3,630 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்வது) அடித்தவர். லீக்கில் அடிக்கும் சராசரியில் முதலிடம் பெறுபவருக்கான பேட்டிங் பட்டம் 7 முறை, எம்விபி (ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது) 3 முறை. இதில் எந்த மதிப்பு குறைந்தது? குறைந்தது விலை மட்டும்தான். இன்னொரு பெரிய வீரர் மிக்கி மேன்ட்டிலுக்கு டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மேன்ட்டில் ஆடியது நியூயார்க்கில், மியூசியல் கடைசிவரை செயின்ட் லூயிஸில். ஊரின் செல்வாக்கும் சேர்ந்துதான் விலையை ஏற்றுகிறது. அதனால் சொல்லில் "விலை" கட்டாயம் இருக்க வேண்டும்.

> அப்படியானால் "மலிவு அட்டை"?

வேண்டாம். 1980களின் கடைசியில் அளவுக்கு மீறி அச்சடித்து, இன்று பெட்டி பெட்டியாகக் கிடைப்பவைதான் மலிவு அட்டைகள். ஃபிராங்க் ராபின்சனின் 1957 டாப்ஸ், 35ஆம் எண், மூலை மழுங்காமல் வேண்டுமென்றால் கை கடிக்கும். இருந்தாலும் அதே தரத்தில் இருக்கும் ஹாங்க் ஆரனின் 1954 அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் விலை எங்கோ கீழே நிற்கிறது. ராபின்சனோ 586 ஹோம் ரன், 1966இல் டிரிபிள் கிரவுன் (அடிக்கும் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்துத் தந்த ரன் மூன்றிலும் முதலிடம்), மேஜர் லீகுக்குள் இருக்கும் இரண்டு லீகிலும் எம்விபி. இந்தக் கடைசிப் பெருமையில் 2024இல் ஜப்பானிய வீரர் ஓதானி வரும்வரை அவருக்கு ஜோடியே இல்லை. 1975இல் மேஜர் லீகின் முதல் கறுப்பின மேலாளரும் அவரே. இவர் அட்டை இந்த விலைக்குப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆக, ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். என் பரிந்துரை "கீழ்விலை அட்டை". கீழ் என்றதும் எதற்குக் கீழ் என்ற கேள்வி வரும். அதற்கு விடையாகத் "தகுவிலை" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தகுவிலைக்குக் கீழே போவது கீழ்விலை. "குறைவிலை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைக் "குறைவு இலை", அதாவது குறைவு இல்லை, என்றும் பிரிக்கலாம் என்பதால் பட்டியலுக்கு ஆகாது.

அப்புறம், வீரருக்கு முதன்முதலில் வரும் அட்டையை "அறிமுக அட்டை" என்று போட்டிருக்கிறோம். அறிமுகம் என்றால் அவர் ஆட வந்த ஆண்டின் அட்டை என்று தோன்றும். மியூசியல் களமிறங்கியது 1941இல். முதலட்டையாகச் சேகரிப்பவர்கள் தேடுவதோ 1948இல் வந்ததை. அதற்குள் இரண்டு எம்விபி வாங்கிவிட்டார். "முதலட்டை" என்றே வைத்துவிடலாமே?

இன்னொன்று பாக்கி இருக்கிறது. வெட்டும்போது படம் ஒதுங்கி, ஒரு பக்க வெள்ளை ஓரம் அகன்றும் மறுபக்கம் நூல்போலவும் போய்விடும். தரம் இறங்க இது பெரிய காரணம். "நடுப்பிசகு" என்று யோசித்திருக்கிறேன். அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்